அறைக்குள்ளே வகுப்பு நடக்கிறது

எங்கள் ஆட்களுக்கு வெளிநாட்டுப் பயணம் என்பது களவெடுக்கப் போவது மாதிரியான ஒரு காரியம். விசா கிடைத்ததை அடுத்த வீட்டுக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். பெட்டி கட்டுவதென்றாலும் யன்னலைச் சாத்திவிட்டுத்தான் கட்டுவார்கள். திங்கட்கிழமை கொழும்பு காலி வீதியில் கண்டு சிரித்துக் கதைத்து, "பேந்து சந்திப்பம்" என்று சொல்லிப் போன மனிதர், அந்தக் கிழமை முடியுமுன் ரொறன்ரோவில் பனிக்குள் நின்று படம் போடுவார். கேட்டால் கண்ணூறு என்பார்கள், நாவூறு என்பார்கள். சரிவராமல் போனால் நாலு பேருக்கு முன்னால் வெட்கம் என்ற உண்மையான காரணத்தை மட்டும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

நான் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள். ஆங்கிலம் படிப்பிக்கிறவள் என்ற திமிர் வேறு கொஞ்சம் இருந்தது. அம்மா முறைப்பார். "சிரி, சிரி, உனக்கு ஒருநாள் விளங்கும்" என்பார்.

நானும் அம்மாவும் வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நான்காம் மாடியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா காலமாகிச் சில வருடங்கள். நான் ஒரே பிள்ளை. கல்யாணம் சரிவரவில்லை, அதைப் பற்றி எனக்குப் பெரிய துக்கமும் இல்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தேன். விடிய எழும்பி, பஸ்ஸில் நசிபட்டு, பின்னேரம் திரும்பி வந்தால் அம்மா தேத்தண்ணியோடு நிற்பார். இதைவிட வேறு வாழ்க்கை வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதில்லை.

பெற்றோல் வரிசையும் மின்வெட்டும் வந்த அந்த வருடத்துக்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது. வகுப்பில் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். குடும்பத்தோடு அவுஸ்திரேலியா, குடும்பத்தோடு லண்டன். கடைசியில் பிள்ளைகளைவிட ஆசிரியர்கள்தான் கூட என்ற நிலைமை. சம்பளத்தைப் பாதியாக்கினார்கள், பிறகு பிந்தித் தந்தார்கள். வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டினார். அம்மாவின் பிரஷர் மாத்திரையும் சீனி வருத்தக் குளிசையும் நெருப்பு விலை. ஒரு பின்னேரம் அம்மா சீனிக் குளிசையைப் பாதியாக உடைத்து, மற்றப் பாதியைக் கடதாசியில் சுற்றி வைத்ததைக் கண்டேன். அன்றைக்குத்தான் வெளிநாட்டில் வேலை தேடத் தொடங்கினேன்.

தேடத் தொடங்கிய பிறகுதான் என்னுடைய இடம் எனக்குத் தெரிந்தது. விளம்பரத்துக்கு மேல் விளம்பரம் பார்த்தேன். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும் என்று போட்டு, கீழே ஏழெட்டு நாடுகளின் பெயர். அந்த நாடுகளில் பிறந்த பெடியன், நேற்றுவரை கடலில் பலகையில் நின்று சறுக்கியவன், நாளைக்கு வியட்நாமில் ஆசிரியன். வயது முழுக்க அந்த மொழியைப் படிப்பித்தே காலம் தள்ளிய எனக்கு ஒரு பதில்கூட வராது. வந்தாலும் படம் கேட்பார்கள். படம் அனுப்பினால் பிறகு சத்தமில்லை. கோபத்தில் இரண்டொரு பேருக்கு நல்ல ஆங்கிலத்தில் ஏச்சுக் கடிதம் எழுதி, அனுப்பாமல் அழித்திருக்கிறேன்.

பிறகு ஒரு முகவர் மூலம் ஓமானில் ஒரு வேலை சரிவந்தது. அம்மாவுக்குத் தலைகால் தெரியவில்லை. அந்த ஒருமுறை அவரே தன்னுடைய சட்டத்தை மீறினார். மோதகம் அவித்து, மாடி மாடியாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். "மகளுக்கு ஓமானில இங்கிலீஷ் ரீச்சர் வேலை" என்று கோயில் ஐயர் வரைக்கும் சொல்லியாயிற்று. பெட்டி வாங்கினோம். போக இருந்த கிழமை முகவர் கூப்பிட்டு, அவர்கள் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னார். அவ்வளவுதான்.

வேலை போனதை நான் இரண்டு நாள் அழுது தீர்த்துவிட்டேன். அம்மாவால் தீர்க்க முடியவில்லை. மீன்காரன் கேட்டான், மருந்துக்கடைக்காரி கேட்டாள், கோயிலில் பிரசாதம் வாங்க நின்றால் பின்னால் நிற்கிறவர் கேட்டார். "என்ன, மகள் இன்னும் போகேல்லையோ?" அன்பாகத்தான் கேட்டார்கள். லிஃப்டுக்குள் அகப்பட்டால் தப்ப முடியாது என்று, முழங்கால் நோவோடு அம்மா நான்கு மாடியும் படியால் ஏறி இறங்கத் தொடங்கினார். "லிஃப்டிலை போங்கோ அம்மா" என்று நான் கத்துவேன். "எனக்கு நடக்கிறது நல்லதாம், டொக்டர் சொன்னவர்" என்பார். எந்த டொக்டரும் அப்படிச் சொல்லவில்லை.

இரண்டாம் முறை தேடியபோது அம்மாவே என் மாணவி. மாதிரி வகுப்பொன்றை வீடியோவாக எடுத்து அனுப்ப வேண்டும் என்று எல்லாப் பள்ளிக்கூடங்களும் கேட்டன. பிள்ளைக்கு எங்கே போவது? சாப்பாட்டு மேசையில் அம்மாவை இருத்தினேன். கமராவில் அவர் தெரியமாட்டார், குரல் மட்டும் கேட்கும். அம்மாவுக்குக் கொஞ்ச ஆங்கிலம் தெரியும். ஏழு வயதுப் பிள்ளை மாதிரிக் குரலை மெல்லிசாக்கி, "யெஸ் டீச்சர், திஸ் இஸ் அன் எலிஃபன்ட்" என்பார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பத் திரும்ப எடுப்பேன். ஒருமுறை யானைப் படத்தைக் காட்டினால் வேண்டுமென்றே மாடு என்றார். "எல்லாப் பிள்ளையும் கெட்டிக்காரியா இருந்தா நீ படிப்பிக்கிறது எப்பிடித் தெரியும்?" என்று விளக்கம் வேறு. அந்த மாதங்களில் நாங்கள் சிரித்த மாதிரி வேறு எப்போதும் சிரித்ததில்லை. மடிக்கணினி நிறைய அந்த வீடியோக்கள்.

அப்படி ஒரு வீடியோவைப் பார்த்துத்தான் மாலைதீவில் ஒரு சிறிய தீவுப் பள்ளிக்கூடம் என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. நேர்முகம் கணினியில். அம்மா குக்கரை அணைத்தார், காற்றாடியை அணைத்தார், கீழே மீன்காரன் கூவாமல் இருக்கப் பல்கனியில் போய் நின்று கையால் சைகை காட்டினார். வேலை கிடைத்தது. மூன்று மாதம் தகுதிகாண் காலம், அது முடிந்தால் நிரந்தரம். நிரந்தரமானதும் அம்மாவோடு தங்கியிருக்க ஒரு ஆளை வைப்பது, வருட விடுமுறையில் அம்மாவை அங்கே கூட்டிப்போய்க் கடல் காட்டுவது என்று திட்டம் போட்டோம். வெள்ளவத்தையில் இல்லாத கடலா என்று அம்மா கேட்டார்.

அன்றைக்கே அம்மா கண்டிப்பாகச் சொன்னார்.

"இந்த முறை ஆருக்கும் மூச்சு விடக்கூடாது. அந்த மூண்டு மாசமும் முடிஞ்சு, வேலை நிலைச்சாப் பிறகு நானே சொல்லுவன்."

"ராத்தாவுக்காவது சொல்லுவம் அம்மா. ஏதும் அந்தரம் ஆபத்தெண்டால்?"

ராத்தா என்று நான் கூப்பிடுவது எதிர்வீட்டு முஸ்லிம் பெண்ணை. கிராண்ட்பாஸில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நோன்பு காலத்தில் அந்த வீட்டுக் கஞ்சி எங்களுக்கு வரும், எங்கள் பொங்கல் அங்கே போகும். ஒரே குறை, மனிசியின் வாய் ஓயாது.

"அவ நல்ல மனுசி. ஆனா அவவுக்குச் சொன்னா மாடி முழுக்கச் சொன்ன மாதிரி" என்றார் அம்மா. "இன்னொருக்கா ஆரும் என்னட்டை, மகள் இன்னும் போகேல்லையோ எண்டு கேட்டா நான் செத்துப்போவன் பிள்ளை."

அதற்குமேல் என்ன கதைக்கிறது? ஒத்துக்கொண்டேன். நான் இல்லாததற்கு என்ன காரணம் சொல்வது என்பதையும் அவரே யோசித்து வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேனாம், அறைக்குள் இருந்து கணினியில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேனாம், பகல் முழுக்க வகுப்பாம், யாரும் கதவைத் தட்டி இடைஞ்சல் செய்யக்கூடாதாம். அந்த நாட்களில் பாதி வெள்ளவத்தை வீட்டுக்குள் இருந்துதானே வேலை செய்தது. நம்பும்படியான பொய்தான்.

பெட்டியை முதல்நாளே இறக்கி, விமான நிலையத்துக்குக் கூட்டிப்போகிற வான்காரரிடம் கொடுத்துவைத்தோம். பழைய உடுப்பு, சிறுவர் இல்லத்துக்குக் கொடுக்கப் போகிறோம் என்று காவல்காரரிடம் அம்மா சிங்களத்தில் சொன்னார். தூக்கிப் பார்த்துவிட்டு, பாரம் சரியான பாரம், பெரிய மனசு நோனாவுக்கு என்று அந்த மனிதர் மெச்சினார். அடுத்தநாள் காலை, கடைக்குப் போகிறவள் மாதிரி ஒரு கைப்பையோடு நான் படியால் இறங்கினேன். அம்மா விமான நிலையத்துக்கு வரவில்லை. கதவடியில் நின்று கட்டிப்பிடிக்கக்கூட விடவில்லை, எதிர்வீட்டுக் கதவு திறந்துவிடும் என்ற பயம். உள்ளே, குளியலறைக்குப் பக்கத்தில் நின்று என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தார். "போட்டுவா" என்றார். அவ்வளவுதான் எங்கள் பிரியாவிடை.

தீவு சின்னது. இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கத்துக் கடல் தெரியும். பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு, வெறுங்காலோடு மணலில் ஓடிவந்து வகுப்பில் ஏறுவார்கள். என்னுடைய பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பற்றி அவர்களுக்கு ஒரு கவலையும் இல்லை. வேலை எனக்குப் பிடித்திருந்தது, இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நல்ல சம்பளம், மரியாதை, பின்னேரம் காற்று. என்னை ஒரு ஆசிரியையாக மதித்த இடம் அது.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் அம்மாவோடு வீடியோவில் கதைப்பேன். தன்னுடைய நாடகத்தை அவர் பெருமையாகச் சொல்லுவார்.

"இண்டைக்கு உன்ர சிவப்புச் சல்வாரைத் தோய்ச்சுக் காயப்போட்டனான். போடாத உடுப்பு, ஊத்தையே இல்லை. ராத்தா பல்கனியில நிண்டு பாத்தவ."

"நீங்கள் ஒரு நடிகையா வந்திருக்க வேணும் அம்மா."

"மீனும் ரெண்டு பேருக்குத்தான் வாங்கிறனான். ஒராளுக்கு வாங்கினா அவன் கேப்பான்."

இன்னொரு நாள், அறைக்குள் சத்தமே இல்லாவிட்டால் ராத்தா சந்தேகப்படுவார் என்று, மடிக்கணினியில் எங்கள் பழைய வகுப்பு வீடியோக்களை, ஒன்று முடிய மற்றது ஓடும்படி, பகல் முழுக்கப் போட்டுவிடுவதாகச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு, சத்தத்தைக் கூட்டி வைப்பாராம். என் குரல் வெளியே கேட்குமாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தீவில் என் அறையில் தனியே இருந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். ராத்தாவுக்காக மட்டும் போடவில்லை என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. பகல் முழுக்க அந்த வீட்டில் அம்மாவுக்கு என்னுடைய குரல் வேண்டியிருந்தது.

இரண்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பின்னேரம் வழக்கமான நேரத்துக்கு எடுத்தேன், அம்மா எடுக்கவில்லை. கோயிலுக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். திரும்ப எடுத்தேன். சாதாரண அழைப்பிலும் எடுத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. இருட்டத் தொடங்கியது, அம்மா இருட்டின பிறகு வெளியே நிற்கிற ஆள் இல்லை. அம்மா ஏசினால் ஏசட்டும் என்று ராத்தாவுக்கு எடுத்தேன்.

ராத்தா எடுத்ததும் சிரித்தார். "என்ன டீச்சர், எதிர் ஊட்ல இருந்துகிட்டு போன் எடுக்கிறீங்க? கதவத் தட்டினா நான் வாறது தானே."

"ராத்தா, அம்மா போன் எடுக்கிறா இல்லை. ஒருக்காப் போய்ப் பாருங்கோ."

"உள்ளுக்குத் தானே ஈக்கிறீங்க? என்ன பகிடியா?"

"நான் கொழும்பில இல்லை ராத்தா. மாலைதீவில. வந்து ரெண்டாம் மாசம்."

மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லுவது தொலைபேசிக்குள்ளால் கேட்டது. பிறகு ராத்தா, "அல்லாஹ்" என்றார். அவர் ஓடுகிற சத்தம், கதவில் அடிக்கிற சத்தம், காவல்காரரைச் சிங்களத்தில் கூப்பிடுகிற சத்தம். பூட்டை உடைத்தார்கள். நான் தீவில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். கதவு திறந்ததும் முதலில் கேட்டது என்னுடைய குரல். அறைக்குள்ளே வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா குளியலறை வாசலில் கிடந்தார். காலையில் விழுந்தவர். இடுப்பெலும்பு உடைந்து, அசைய முடியாமல், பகல் முழுக்கக் கிடந்திருக்கிறார். உயிர் இருந்தது.

அந்த இரவு அம்மாவை அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ராத்தா எனக்கு எடுத்தார். அழுதுகொண்டே கதைத்தார்.

"சத்தம் கேட்டிச்சு டீச்சர். காலையில ரெண்டு மூணு தரம் கேட்டிச்சு. நான் வாசல் வரைக்கும் வந்த. உள்ளுக்கு நீங்க படிச்சிக் குடுக்கிறதும் கேட்டிச்சு. சின்னப் புள்ளை ஒண்டு பேசுறதும் கேட்டிச்சு. வகுப்பு நடக்குது, தொந்தரவு குடுக்கப்படாது எண்டு திரும்பிப் போய்ட்டேன். நீங்க ஊட்ல ஈக்கிறீங்க எண்டு தானே நான் நெனச்ச."

அந்தச் சின்னப் பிள்ளையும் அம்மாதான். அம்மா கூப்பிட்டதை அம்மாவின் குரலே மூடிவிட்டது. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. யார்மேல் என்று தெரியவில்லை. கண்ணூறைக் கண்டுபிடித்தவர்கள்மேல், இன்னும் போகவில்லையோ என்று கேட்டவர்கள்மேல், அம்மாமேல், எல்லோர்மேலும்தான்.

தலைமை ஆசிரியை நல்ல மனிசி. என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். தகுதிகாண் காலத்தில் விடுமுறை கொடுக்க வழியில்லை, வகுப்பை ஆசிரியர் இல்லாமல் விடவும் முடியாது, நீங்கள் போகத்தான் வேண்டும், ஆனால் இந்த இடத்துக்கு நாங்கள் வேறு ஆளைப் பார்ப்போம் என்றார். நான் வேலையை விடும் கடிதத்தில் கையெழுத்து வைத்துவிட்டு அடுத்தநாள் படகு ஏறினேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா பாதியாகிக் கிடந்தார். என்னைக் கண்டதும் அழவில்லை. வந்திட்டியா என்றும் கேட்கவில்லை.

"லீவு தந்தவையோ?" என்று கேட்டார்.

அந்த முகத்தைப் பார்த்தேன். ஓமானுக்குப் பிறகு நான்கு மாடியும் நடந்து ஏறிய முகம்.

"ஓம் அம்மா. தந்தவை."

"எத்தினை நாள்?"

"வேணுமான நாள் நிண்டிட்டு வரச் சொன்னவை."

அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெரிய மூச்சு விட்டார். அன்று பின்னேரம் நான் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, பக்கத்துக் கட்டில் ஆளுக்கும் தாதிக்கும் வாட்டுக் கூட்டுகிற பெண்ணுக்கும் விசயம் தெரிந்திருந்தது. "மகள் மாலைதீவில இங்கிலீஷ் ரீச்சர். லீவில வந்து நிக்கிறா." போய் இறங்கி, வேலையும் செய்து, லீவிலும் வந்தாகிவிட்டது. இனி எந்தக் கண் என்ன செய்யும் என்று அம்மா துணிந்துவிட்டார். தகுதிகாண் காலம் முடியவில்லை என்பதை அவர் எப்போதோ மறந்துவிட்டார், அல்லது லீவு தந்தார்கள் என்றதும் அது முடிந்த மாதிரி எடுத்துக்கொண்டார்.

சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பார்க்க வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அம்மா தலையணையில் சாய்ந்திருந்து எல்லோருக்கும் சொன்னார். தீவின் பெயரை, பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையை, தலைமை ஆசிரியையின் நல்ல குணத்தை, நான் சொன்னதெல்லாவற்றையும் சொன்னார். ஒருநாள், "அங்கையிருந்து மாசி ஒண்டும் கொண்டுவரேல்லையோ? வாற ஆக்களுக்குக் குடுக்கலாம்" என்றார். மாலைதீவு என்றால் எங்களுக்கு மாசிக்கருவாடுதானே. நான் புறக்கோட்டைச் சந்தைக்குப் போய் மாசி வாங்கி, கடையின் பை தெரியாமல் வெள்ளைப் பையில் மாற்றிக் கட்டிக் கொண்டுவந்தேன். அம்மா ஒவ்வொருவருக்கும் அதில் கொஞ்சம் கொடுத்தனுப்பினார். "அங்கத்தை மாசி, வாசமே வேறை" என்று ஒரு அக்கா வந்து சொன்னார். அம்மாவின் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. நடக்கத் தொடங்கட்டும், பிறகு சொல்வோம். வேறொரு வேலை கிடைக்கட்டும், அதோடு சேர்த்துச் சொல்வோம். இப்படியே தள்ளிக்கொண்டு போனேன்.

உண்மையில் நான் வேலை தேடிக்கொண்டுதான் இருந்தேன். பகலில் அறைக்கதவைச் சாத்திவிட்டு, தெரியாத நாட்டுப் பிள்ளைகளுக்குக் கணினியில் அரைமணி நேர வகுப்புகள் எடுத்தேன். சீன நேரம், சவூதி நேரம் என்று நேரங்கெட்ட நேரத்தில் படிப்பித்து, கிடைப்பதை மருந்துக்குக் கொடுத்தேன். தீவுப் பிள்ளைகளுக்கு லீவில் இருந்துகொண்டும் படிப்பிக்கிறேன் என்று அம்மா நினைத்தார். நான் திருத்தவில்லை.

நாட்கள் போகப் போக அம்மாவுக்கு ஒரு பதற்றம் வந்தது. "இன்னும் லீவு இருக்கோ?" என்று காலையில் கேட்பார். "இருக்கு அம்மா" என்பேன். "நெடுக லீவு எடுத்தா அவைக்குப் பிடிக்காது பிள்ளை. வேறை ஆளைப் போட்டிடுவினம். ஓமானில செய்தவை தானே." கை கால் அசைக்கப் பழக்க வருகிற பெண் ஒருதரம் செய்யச் சொன்னால் அம்மா இரண்டுதரம் செய்வார். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு கட்டில் விளிம்பில் எழும்பி நிற்கப் பார்ப்பார். நான் பிடித்து இருத்துவேன். "ஆறுதலா எழும்பலாம், ஆர் உங்களைத் துரத்திறது?" என்று ஏசுவேன். அவர் திரும்பவும் கட்டில் விளிம்பைப் பிடிப்பார். ராத்தா நாளாந்தம் வந்து பக்கத்தில் இருந்து கஞ்சி பருக்குவார். இரண்டு பேரும் குசுகுசுவென்று கதைப்பார்கள், நான் உள்ளே போனால் நிறுத்திவிடுவார்கள். என் கல்யாணத்தைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

படுக்கையில் கிடந்ததால் நெஞ்சில் சளி கட்டியது. காய்ச்சல் வந்தது. திரும்ப ஆஸ்பத்திரி, ஒட்சிசன். டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டுக் கதைத்தார். அடுத்தநாள் காலை, நான் முகம் கழுவப் போயிருந்த நேரத்தில் அம்மா போய்விட்டார்.

மாடிவீடு என்பதால் அம்மாவின் உடலை மலர்ச்சாலையில், சவம் வைக்கும் மண்டபத்தில்தான் வைத்தோம். அம்மாவுக்கு அவருடைய நீலக்கரைச் சேலை கட்டியிருந்தேன். வந்தவர்கள் எல்லோரும் அம்மாவைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். கொடுத்து வைத்த தாய், பிள்ளை வெளிநாட்டில் இருந்தும் கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தாளே என்றார்கள். நான் தலையை ஆட்டினேன்.

ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒங்கள்ட்ட இந்தக் கதையச் செல்ல வாணாம் எண்டு அம்மா சத்தியம் வாங்கின. இனி செல்றதுக்கு என்ன" என்றார். "நெதம் இதைத்தான் செல்லுவாங்க டீச்சர். நான் இப்படிக் கெடந்தா மகள் லீவ நீட்டிக்கிட்டே போவா, கடைசியில வேலை போய்ரும். ஒண்டில் நான் எழும்பி நடக்கோணும், இல்லாட்டி அவள்ட லீவு முடிய முந்திக் கடவுள் என்னைக் கூப்பிட்டுக்கொள்ளோணும் எண்டு. கஞ்சியக் கூட ஒழுங்காக் குடிக்கல்ல கடைசியில. நான் கெஞ்சுவேன், கையால தள்ளிப் போடுவாங்க. ஒங்கள்ட வேலையக் காப்பாத்திட்டுத்தான் போயிருக்காங்க. இனி மனசு பதறாமப் போங்க."

"லீவு இல்லை ராத்தா" என்றேன். "அங்கையிருந்து வெளிக்கிட்ட அண்டைக்கே வேலை போயிட்டுது."

ராத்தா என் கையை விட்டுவிட்டு, திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.